முச்சந்தியில் நான் அடித்த முளை

சிலருக்குப் பணம் வந்தால் தலைக்கனம் வரும். சிலருக்குப் பதவி வந்தால் வரும். எனக்கு ஒரு வாக்கி-டாக்கி கைக்கு வந்ததுமே வந்துவிட்டது. அதுவும் சொந்தமானதுகூட இல்லை. பல்கலைக்கழக ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு இரவலாக வாங்கிய, பொத்தான் தளர்ந்து டேப் சுற்றிய பழைய சாமான். அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு நான் நடந்த நடையை இப்போது நினைத்தால் எனக்கே ஓடிப்போய் ஒளிந்துகொள்ளத் தோன்றுகிறது.

அப்போது சிவில் எஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு. எங்கள் படிப்பில் நில அளவை முகாம் என்று ஒன்று உண்டு. மாணவர்களைக் குழு குழுவாகப் பிரித்து வெளியூரில் கொண்டுபோய் விடுவார்கள். தரையில் வரிசையாக மர முளைகளை அடித்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தூரமும் கோணமும் அளந்துகொண்டே ஒரு சுற்று சுற்றி, கடைசியில் புறப்பட்ட முளைக்கே வந்து சேர வேண்டும். கணக்குப் போட்டால் தாளிலும் அதே இடத்துக்கு வந்து சேர வேண்டும். சேர்ந்தால் சுற்று மூடிவிட்டது என்பார்கள். மூடாவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடியும் முகாம், படிப்பும் ஓர் ஆண்டு நீளும்.

அந்த ஆண்டு முகாமுக்கு எங்கள் விரிவுரையாளர் டாக்டர் ஹலீம் தேர்ந்தெடுத்த இடம் புக்கிட் ரோத்தான் பக்கத்தில் எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டம். அவர் வாய் மூடுவதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“சார், அது என் ஊர்! அங்கே ஒவ்வொரு மரத்தையும் எனக்குத் தெரியும்!”

(முகாமில் நான் முதலில் அளந்தது அதுதான்.) உடனே நான்காவது குழுவுக்கு என்னைத் தலைவியாக்கிவிட்டார். என் குழுவில் இன்னும் இரண்டு பேர். கிளந்தானிலிருந்து வந்த ஆய்னா அதிர்ந்து பேசாதவள். ஈப்போ பையன் வெய் ஜியே கணக்கில் புலி, சண்டையில் பூனை. நாங்கள் பேசிக்கொண்டது மலாயும் ஆங்கிலமும் கலந்த கதம்பம். அதை இங்கே தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் சீக்கிரம் போய்விடக்கூடிய தூரத்தில், புக்கிட் ரோத்தானில் இருந்தது. அப்பா செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறார். அம்மா பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை. பிறந்தபோது நான் எடை குறைவாக இருந்தேனாம். அதனால் அம்மா என்னைப் ‘பூச்சி’ என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பெயர் யூனிவர்சிட்டியில் ஓர் ஈ காக்காய்க்கும் தெரியக்கூடாது என்பது என் கொள்கை. முகாம் தொடங்கியதும் அம்மா போன் செய்தார்.

“ஒரு வாய் சோறு கொண்டாந்து குடுத்துட்டுப் போயிடுறேன்லா, பூச்சி.”

“வேணாம்மா. நாங்க ரொம்ப உள்ளுக்குள்ள இருக்கோம். நான் லீடரு. லீடருக்கு அம்மா சோறு தூக்கிட்டு வந்தா நல்லாவா இருக்கும்?”

“ஏன், லீடருக்குப் பசிக்காதா?”

“ம்மா, விளையாடாதீங்க. இந்தச் சுத்து மூடலன்னா எனக்கு ஒரு வருசமே போச்சு.”

அம்மா அதற்கப்புறம் சோற்றுப் பேச்சை எடுக்கவில்லை. நான் நிம்மதியாகப் போனை வைத்தேன். அந்த நிம்மதிக்கு இன்றுவரை தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் முதல் முளையை, தோட்டத்து மண்சாலை பெரிய சாலையில் வந்து சேரும் முச்சந்தியில், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் அடித்தோம். மறுநாள் காலையில் போனால் முளையைக் காணோம். அதில் கட்டியிருந்த பிளாஸ்டிக் ரிப்பனை ஒரு மாடு அசைபோட்டுக்கொண்டு எங்களையே பார்த்தது. வேறு முளை அடித்தோம். அது அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு மிளகாய்ச் செடிக்கு முட்டுக்கொடுத்து நின்றது. மற்ற குழுக்களெல்லாம் பாதிச் சுற்றுப் போய்விட்டன. ஊரையே கரைத்துக் குடித்த தலைவியின் குழு மட்டும் முதல் முளையைக் காவல் காத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. புக்கிட் ரோத்தான் பூசைச் சாமான் கடைக்குப் போய் மஞ்சள் துணியும் குங்குமமும் வாங்கி வந்தேன். புதிய முளையை அடித்து, அதன் கழுத்தில் துணியைச் சுற்றி, தலையில் குங்குமத்தை அப்பினேன். பக்கவாட்டில் விதிப்படி சிவப்புப் பெயிண்டால் 0401 என்று எழுதினேன். நான்காவது குழு, முதல் முளை என்று அர்த்தம்.

வெய் ஜியே தலையைச் சொறிந்தான். “தேவி, இது சாமி விஷயம் இல்லையா? விளையாடலாமா?”

“இது எங்க ஊரு டெக்னாலஜி. மஞ்சத் துணி கட்டினா நம்ம ஆளுங்க கை வைக்க மாட்டாங்க. வேலி செலவு மிச்சம்.”

“உங்க அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?” என்றாள் ஆய்னா.

“எங்க அம்மாவுக்கு எப்படித் தெரியும்?”

அன்றே அந்த முளையிலிருந்து அளவைத் தொடங்கித் தோட்டத்துக்குள் போனோம். அதற்குப் பிறகு எங்கள் வேன் பின்பக்கச் சாலை வழியாகவே போய்வந்தது. முச்சந்திப் பக்கம் நாங்கள் எட்டிப் பார்க்கவே இல்லை. என் டெக்னாலஜி அங்கே தனியாக வேலை செய்துகொண்டிருந்தது.

சுற்று முடியும் நாள் வந்தது. கடைசி முளை, முச்சந்தியை நோக்கி நேராக ஓடும் சாலையில் இருந்தது. நான் அங்கே மூன்று கால் தாங்கியில் கருவியை நிறுத்திக்கொண்டேன். வெய் ஜியே பக்கத்தில் நின்று எழுதினான். எதிர்முனையில், முதல் முளையின் மேல், கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிக் கோலைப் பிடிப்பதற்கு ஆய்னாவை அனுப்பினேன். முளை அடித்த அன்று கோல் பிடித்தவன் வெய் ஜியே. அன்று தள்ளி நின்ற அவள், அந்த இடத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தது அதுதான் முதல்முறை.

“தேவி, இங்கே ஒரு கூரை இருக்கு” என்றது வாக்கி-டாக்கி.

“கோலை நேராப் பிடி. ஓவர்.”

“நிறைய பூவும் இருக்கு. சிமெண்ட் மேடை அழகா இருக்கு. நீங்க போட்டதா?”

“ஆய்னா, பேச்சைக் குறை. பிடி. ஓவர்.”

“நான் ஷூவைக் கழட்டிட்டேன். அது சரிதானே?”

“ஓவர்னு சொன்னேன்ல!”

அவள் வரிசையாகத் தடயம் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறாள். என் தொலைநோக்கி வட்டத்தில் கோலின் கண்ணாடி மட்டும்தான் தெரிந்தது, எனக்குக் காதும் கேட்கவில்லை. தலைவிகளுக்கு அந்தக் காலத்தில் காது கேட்காது.

கணக்குப் போட்டோம். சுற்று மூடவில்லை. ஒரு முழத்துக்கு மேல் தள்ளி நின்றது. நில அளவையில் ஒரு முழம் என்பது பிழையல்ல, பெரும் அவமானம். நான் வெய் ஜியே மேல் பாய்ந்தேன். எண்ணைத் தப்பாக எழுதியிருப்பான், ஈப்போவில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்களா என்றெல்லாம் கேட்டேன். அவன் மறுபடியும் முதலிலிருந்து கணக்குப் போட்டான். அதே ஒரு முழம். மறுபடியும் போய் அளந்தோம். அதே ஒரு முழம். அடுத்ததாக ஆய்னா மேல் பாய்ந்தேன். ஒரு கோலை நேராகப் பிடிக்கத் தெரியாதா என்று கேட்டேன். அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன், பார்க்காததுபோல் இருந்துகொண்டேன். மறுநாள் மத்தியானத்துக்குள் முடிவைக் கொடுத்தாக வேண்டும்.

அந்த மறுநாள் காலைதான் நான் சொல்ல வந்த காலை.

கருவியின் தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன். கண்ணாடிக்கோல் தெரியவில்லை. வட்டம் முழுக்க ஒரு கறுப்புக் குடை. குடைக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்த ஒரு பெண்ணின் முதுகு. ஒரு கை சொம்பிலிருந்து எதையோ ஊற்றிக்கொண்டிருந்தது. எங்கள் முளையின் மேல்!

“ஆய்னா, யார் அது? நகரச் சொல்லு!”

“பூசை பண்றாங்க தேவி. முடியட்டுமே. பாவம்.”

“நமக்கு நேரம் இல்லை. வாக்கி-டாக்கியை அவங்க காது பக்கம் நீட்டு. நான் பேசிக்கிறேன்.”

ஆய்னா தயங்கித் தயங்கி நீட்டினாள். நான் பொத்தானை அழுத்தி, ஊர்த்தமிழில், அடித்தொண்டையிலிருந்து தொடங்கினேன்.

“யம்மா, யாரது? கொஞ்சம் தள்ளு! அது சாமி இல்ல, வெறும் கட்டை! மூளை கீளை இருக்கா இல்லையா? கட்டைக்குப் போயி பால ஊத்திக்கிட்டு! உங்கள மாதிரி ஆளுங்களாலதான் நம்ம ஜனம் உருப்படாமப் போகுது!”

குடை நகர்ந்தது. முதுகு திரும்பியது.

அந்தத் தொலைநோக்கி நல்ல தொலைநோக்கி. அம்மாவின் முகம் வட்டம் முழுக்க நிறைந்து நின்றது. கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும் மெல்லிய கோடுகள் இரண்டும் சரியாக அவருடைய பொட்டில் வந்து வெட்டிக்கொண்டன. கேன்டீனுக்குப் போட்டுப் போகும் ஏப்ரன் கழுத்தில் தொங்கியது. மேலுதட்டில் வியர்வை. அவ்வளவு பக்கத்தில் அம்மாவை நான் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

அம்மா வாக்கி-டாக்கியை உற்றுப் பார்த்தார். குரலைக் கண்டுபிடித்துவிட்டார். ஆய்னா பதற்றத்தில் பொத்தானை அழுத்தினாள். தொலைநோக்கியில் உதடு அசைந்தது, என் இடுப்பில் சத்தம் வந்தது.

“பூச்சியா? பூச்சி, பசியாறிட்டியாம்மா?”

ஒன்றை இங்கே சொல்ல மறந்துவிட்டேன். எல்லாக் குழுக்களுக்கும் ஒரே அலைவரிசைதான். டாக்டர் ஹலீமுக்கும் அதேதான்.

தோட்டம் முழுக்கக் கேட்டிருக்கும். பிறகு இரண்டாவது குழுவிலிருந்து குணா என்ற பையனின் குரல், நான் பேசியதையும் அம்மா கேட்டதையும் ஒரு வார்த்தை விடாமல் மலாயில் மொழிபெயர்த்தது. (அவனுக்கு அவ்வளவு நல்ல மலாய் வரும் என்று அன்றுதான் தெரிந்தது.) கடைசியாக டாக்டர் ஹலீமின் நிதானமான குரல்.

“நான்காவது குழு, அம்மாவுக்குப் பதில் சொல்லுங்க. ஓவர்.”

நான் கருவியை அப்படியே விட்டுவிட்டேன். ஓடினேன். அந்தச் சாலையின் நீளத்தை நாங்கள் மில்லிமீட்டர் சுத்தமாக அளந்திருந்தோம், ஆனாலும் அன்றைக்கு அது முடியவே மாட்டேன் என்றது.

முச்சந்தியில் நான் பார்த்தது ஒரு கோயில். சின்னதுதான், ஆனாலும் கோயில். தகரக் கூரை, சிமெண்ட் மேடை, எலுமிச்சம்பழ மாலை, அணைந்த கற்பூரம். நடுவில் பாலில் குளித்துப் பளபளத்துக்கொண்டு என் முளை. 0401 என்ற எண்ணைச் சுற்றி யாரோ சந்தனத்தில் வட்டம் போட்டிருந்தார்கள்.

“நீங்க இங்க என்னம்மா பண்றீங்க?” என்றேன். கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல என்று கேட்கும்போதே தெரிந்தது.

அம்மா சாதாரணமாகச் சொன்னார். “புதுசா முனி வந்துருக்குன்னு ஊரே பேசிக்கிட்டாங்க. நம்பரோட வந்துருக்காரு. அப்பாகூட லோரி ஓட்டுற முருகையா அந்த நம்பருக்கு லாட்டரி எடுத்தாரு, பரிசு ஏறிடுச்சு. அவருதான் கூரை போட்டுக் குடுத்தாரு. நீதான் ஏதோ சுத்து மூடலன்னா ஒரு வருசம் போயிடும்னியே. அதான் நான் டெய்லி வேலைக்குப் போறப்ப ஒரு சொம்பு பால ஊத்தி, எம்புள்ளைக்கு அந்தச் சுத்த மூடி வுடுப்பான்னு வேண்டிக்கிட்டு இருந்தேன்.”

“இந்தச் சிமெண்ட் மேடை?”

“அதுவா? சாமி இருந்த எடத்துல லோரி டயரு ஏறிடும்போல இருந்துச்சு. மாடு வேற வந்து மோந்து பாக்குது. பூ போட்டுக் கேட்டேன், பல்லியும் சொன்னுச்சு. அப்பாவ வரச்சொல்லி, மெதுவா எடுத்து, கொஞ்சம் தள்ளி நட்டோம்.”

“எவ்வளவு தள்ளிம்மா?”

அம்மா கையை நீட்டிக் காட்டினார். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை, அதற்கு மேல் இன்னும் கொஞ்சம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லாரும் சிரிக்கும் இடம் இது. என் சுற்று மூட வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் அம்மா என் சுற்றை மூடவிடாமல் செய்திருக்கிறார். அந்த ஒரு முழத்துக்காக வெய் ஜியேயின் பள்ளிக்கூடத்தை இழுத்துப் பேசியிருக்கிறேன், ஆய்னாவை அழவைத்திருக்கிறேன்.

அதற்குள் டாக்டர் ஹலீமின் கார் வந்து நின்றது. அவர் இறங்குவதற்குள் அம்மா விஷயத்தைப் பாதி ஊகித்துவிட்டார். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த மலாயில் முந்திக்கொண்டார்.

“சார், தப்பு என் மேலதான். நான்தான் எடத்த மாத்திட்டேன். எம்பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. அவளுக்கு மார்க்கக் கொறச்சிடாதீங்க.”

சற்றுமுன் அவரிடம் மூளை இருக்கிறதா என்று கேட்டவள் நான். டாக்டர் ஹலீம் முளையைப் பார்த்தார், மஞ்சள் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“துணியைக் கட்டியது யார்?”

“நான்தான் சார். யாரும் தொடாம இருக்கணும்னு.”

சொல்லிவிட்டு அம்மா பக்கம் திரும்பவே எனக்குப் பயமாக இருந்தது. அம்மா திட்டவில்லை. சொம்பைப் பார்த்தார். அதில் இன்னும் கொஞ்சம் பால் மிச்சம் இருந்தது.

“அப்ப நான் இத்தன நாளு யாருகிட்ட வேண்டிக்கிட்டு இருந்தேன்?” என்றார், யாரிடமும் இல்லாமல்.

என் வாழ்க்கையில் பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று நினைத்தது அந்த ஒரு முறைதான். அது பிளக்கவில்லை.

டாக்டர் ஹலீம் செருப்பைக் கழற்றிவிட்டு மேடை அருகே வந்தார். இதை யாரும் எடுக்கக்கூடாது, இது இங்கேயே இருக்கட்டும், ஆனால் பழைய இடம் தெரியாவிட்டால் இந்தச் சுற்றுக்குத் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். பழைய இடம் எங்கே தெரியப்போகிறது என்று நான் தலையைத் தொங்கவிட்டேன். அம்மா மேடைக்குப் பக்கத்தில் குனிந்து, தரையில் கவிழ்த்திருந்த ஒரு தேங்காய்ச் சிரட்டையை மெல்ல எடுத்தார். அதன் அடியில் முளை அடித்த குழி, ஓரம் உதிராமல் அப்படியே இருந்தது.

“சாமி இருந்த எடத்த யாரும் மிதிச்சிரக் கூடாதுன்னு மூடி வச்சேன்” என்றார்.

ஆய்னா அந்தக் குழியில் கோலை நிறுத்தினாள். நான் மறுபடியும் சாலையின் அந்த முனைக்கு நடந்தேன். இந்த முறை பேச்சுக் குறைவு. வெய் ஜியே கணக்குப் போட்டான், இன்னொரு முறை போட்டுப் பார்த்தான், தாளை என் பக்கம் திருப்பி வைத்தான். சுற்று மூடிவிட்டது. குறித்த முளை இல்லாமல் குழியில் அளந்ததற்கு டாக்டர் ஹலீம் மார்க்கில் கை வைத்தார், ஆனால் பாஸ் போட்டுவிட்டார். நான் வெய் ஜியேயிடமும் ஆய்னாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். வெய் ஜியே சரி என்று ஒரே வார்த்தையில் முடித்தான். ஆய்னா மட்டும் தயங்கி, “உங்க அம்மாகிட்ட கேட்டியா?” என்றாள். கேட்கவில்லை.

அம்மாவைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். சோறு போட்டார். சுற்று மூடிய செய்தியைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தியா? அப்ப நீ பால்குடம் எடுக்கணும். மூடிட்டா வருசா வருசம் எம்பொண்ணு பால்குடம் எடுப்பான்னு வேண்டியிருக்கேன்.”

“ம்மா, அது கட்டைம்மா. நானே கடப்பாரையில குழி போட்டு நட்டது.”

“நீ நட்டது கட்டைதான். நான் வேண்டுனது கட்டைகிட்ட இல்ல.”

ரசத்தைப் பிசைந்துகொண்டே, காலையில் பேசியதற்கு மன்னிச்சிருங்கம்மா என்று ஒருவழியாகச் சொன்னேன். அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்தார்.

“என் மூஞ்சியப் பாத்ததும் நிறுத்திட்ட. அங்க வேற யாரு வூட்டு அம்மாவாச்சும் ஒக்காந்திருந்தா?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்படுவதுபோலத்தான் கேட்டார். நிறுத்தியிருக்க மாட்டேன் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

இப்போது நான் ஷா ஆலாமில் கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கிறேன். அங்கேயும் வாக்கி-டாக்கிதான். யாராவது வழியில் நின்றால் வாயில் ஏதோ வேகமாக வரும். பொத்தானில் கட்டைவிரல் படும்போது நின்றுவிடும். சாப்பிட்டாச்சா, கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா என்று கேட்டுப் பழகிவிட்டது. இந்த எஞ்சினியருக்கு எப்போதும் சாப்பாட்டு நினைப்புத்தான் என்று தளத்தில் பேசிக்கொள்கிறார்களாம்.

0401 முனிக்கு இப்போது ஓடு போட்டாகிவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை லீவு எடுத்துக்கொண்டு போய், நான் அடித்த முளைக்கு நானே பால்குடம் சுமக்கிறேன். மஞ்சள் சேலை கட்டி, வேர்க்க விறுவிறுக்க அந்த மண்சாலையில் நடந்து போய் மேடை முன்னால் நிற்பேன். ஊரார் சுற்றிலும் இருப்பார்கள். சரியாக நான் குடத்தைச் சாய்க்கும் நேரம் பார்த்து, அப்பா பின்னாலிருந்து தன் கைப்பேசியை வாக்கி-டாக்கி மாதிரி வாயருகே பிடித்துக்கொள்வார்.

“யம்மா, யாரது? கொஞ்சம் தள்ளு! அது சாமி இல்ல, வெறும் கட்டை! மூளை கீளை இருக்கா இல்லையா? ஓவர்!”

கூட்டமே சிரிக்கும். ஆண்டுதோறும் அதே வசனம், அதே சிரிப்பு. அம்மா மட்டும் சிரிப்பதில்லை. குடத்தின் அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, “அவரு கெடக்குறாரு, நீ மெதுவா ஊத்து, பூச்சி” என்பார்.

நான் தலை நிமிராமல் ஊற்றுவேன்.